காத்தாயி வீட்டுக்கு வந்த இசைத்தட்டுகள்

காத்தாயிக்குப் பாட்டுப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு எப்படிப் பிடித்தது என்பதே எனக்குத் தெரியாது. நெடுவாய்க்கால் பஸ் ஸ்டாப்பில் சைக்கிள் கடை வைத்திருந்த தியாகேசன் நான். பஞ்சர் ஒட்டுகிற பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. அமாவாசையன்று எங்கள் பக்கம் ஏர் பூட்ட மாட்டார்கள். வேலையில்லாத அந்த மத்தியானங்களில் நாங்கள் மூன்று பேர் கடையில் கூடுவோம். போன அமாவாசைக்குப் பிறகு யார் என்ன தட்டு வாங்கினார்கள் என்று காட்டிக்கொள்வதுதான் கூட்டத்தின் வேலை. அதைவிட அதிகமாகச் சண்டை போடுவோம்.

திருவாரூரில் பழைய சாமான் கடை வைத்திருந்த ஜெக்கரியா பாய் ஒருவர். அவருக்கு ஸ்திரீபார்ட் பாடினால் போதும், கண்ணை மூடிவிடுவார். எனக்குப் பபூன் பாட்டு. இரண்டையும் கேட்டு உதட்டைப் பிதுக்குகிறவள் காத்தாயி.

"துண்டு துண்டா என்னத்த கேக்குறீங்க? கதை வேணாமா?" என்பாள்.

அவள் மிராசுதார் பண்ணையில் நடவு வேலை செய்கிறவள். கீழத்தெருவில், பண்ணைக்குச் சொந்தமான மனையில் குடிசை. அவளுக்கு முழு நாடகம் வேண்டும், ஆரம்பத்திலிருந்து மங்களம் வரை. பாய் கடையில் அப்படி ஒரு செட் இருந்தது, ஒன்பது தட்டு. ஒரு ராணியிடம் பக்கத்து ராஜா கோட்டையைக் கேட்கிறான், அவள் தர மாட்டேன் என்கிறாள், அவ்வளவுதான் கதை. ஒன்பதையும் சேர்த்து வாங்க அவளால் எங்கே முடியும்? அறுப்புக்கு ஒரு தட்டு என்று பேச்சு. பாயும் அந்த செட்டை வேறு யாருக்கும் காட்டாமல் பீரோவில் பூட்டி வைத்தார். ஊசி தீர்ந்துபோனால் கருவ முள்ளைச் சீவிக் கொண்டுவருவாள். அதில் பாட்டு கொஞ்சம் சன்னமாகக் கேட்கும், ஆனால் தட்டு தேயாது. படித்தவன் எவனும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

முதல் தட்டுக்கு மட்டும் அறுப்பு வரை பொறுக்காமல் முன்பணம் கொடுத்துவிட்டாள். ஆட்சி மாறிய மறுவருஷம், குறுவை நடவு. நடவை விட்டுத் திருவாரூர் போக முடியாது, அமாவாசைக்குப் பாய் கொண்டுவரும் வரை பொறுக்கவும் முடியாது. "தபால்ல போட்டுருங்க பாய்" என்று சொல்லியனுப்பினாள். அந்த நல்ல மனுஷன் பழக்க தோஷத்தில் விலாசத்தை இப்படி எழுதிவிட்டார்: காத்தாயி, மே/பா பண்ணை வீடு, நெடுவாய்க்கால்.

கீழத்தெருவுக்கு வருகிற தபால் எல்லாமே அப்படித்தான் வரும். பண்ணை வீட்டின் மேற்பார்வை. தபால்காரர் கீழத்தெருவுக்குள் காலை வைக்க மாட்டார். கடிதாசு பண்ணை வாசலில் கிடக்கும். உரியவர்கள் போய் நின்று, பண்ணை நிர்வாகம் பார்க்கிற காரியக்காரர் இராஜாங்கம் கூப்பிடும்வரை காத்திருந்து வாங்கி வர வேண்டும். பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருவார். மகன் செத்த செய்திகூட அவர் வாய் வழியாகத்தான் அந்தத் தெருவுக்குப் போயிருக்கிறது. அட, இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பத்து நாளாகியும் தட்டு வரவில்லை. போய்க் கேட்டால், அது பண்ணை வீட்டு முற்றத்தில் தண்ணிப் பானைக்கு மூடியாக இருந்தது.

"தட்டுன்னு போட்டிருந்துச்சு. தட்டுதானேன்னு மூடி வெச்சேன்" என்று சிரித்தார் இராஜாங்கம்.

விளிம்பிலிருந்து பாதி வரைக்கும் விரிசல். அந்த அமாவாசைக்கு மூன்று பேரும் என் கடையில் போட்டுப் பார்த்தோம். சுற்றுக்கு ஒரு தரம் டக், டக் என்றது. ராணி பாடிக்கொண்டே வருகிறாள், நடுவில் டக். காத்தாயி அழுவாள் என்று நினைத்தேன். அவள் பாய் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த தட்டையும் தபால்லயே அனுப்புங்க."

"நல்லாருக்கே! அறுப்பு முடிஞ்சா நீயே வந்து எடுத்துக்கலாமே காத்தாயிம்மா. எதுக்கு வீண் செலவு?"

"பதிவுத் தபால்ல அனுப்புங்க. காத்தாயி, கீழத்தெருன்னு எழுதுங்க. பண்ணை வீடுன்னு ஒரு எழுத்து இருக்கப்படாது. பதிவுத் தபால்னா பேருக்கு உரியவங்க கையெழுத்து வாங்கித்தானே குடுக்கணும்?"

"ஆமா."

"அப்ப வரட்டும். நான் எங்க வீட்டு வாசல்ல இருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாட்டு கேட்க வந்தவள் வம்பை விலைக்கு வாங்குகிறாளே என்று வாய்விட்டே சொன்னேன். "சும்மா இரு அண்ணே, உனக்குப் பபூன் பாட்டுதான் லாயக்கு" என்றாள்.

குறுவை அறுப்பு முடிந்தது. இரண்டாவது தட்டு வந்த அன்று தபால்காரர் குஞ்சிதபாதம் கீழத்தெரு முனையில் சைக்கிளை நிறுத்திவிட்டு மணியடித்தார். நான் என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஓடிப்போய்ச் சொன்னார்கள். காத்தாயி அவள் குடிசை வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க, இங்கதான் வீடு!" என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

"நீ வாம்மா இங்க!"

"வீட்டு விலாசம் போட்டிருக்குல்ல, அங்க வந்து குடுங்க!"

இவர் மணியடிக்க, அவள் புடைக்க, கால் மணி நேரம் போயிற்று. திருப்பி அனுப்பினால் காரணம் எழுத வேண்டும், என்னவென்று எழுதுவார் பாவம்? வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கற்றுக்கொண்ட எழுத்தில் அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. குஞ்சிதபாதத்துக்கு மோர் கொடுத்தாள். அவர் குடித்தாரா என்றால், முதல் தடவை குடிக்கவில்லை. மூன்றாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாளே இராஜாங்கம் வரப்பில் நின்று கத்தினார்.

"ஏண்டி, தெருவுக்குள்ள தபால்காரனைக் கூப்பிடுற அளவுக்குப் பெரிய மனுஷியாயிட்டியா? இன்னொரு தட்டு வந்துச்சு, மனையைக் காலி பண்ண வேண்டியதுதான். மனை யாருதுன்னு ஞாபகம் இருக்கட்டும்."

அதுவரை அவரை "ஆண்டே" என்று கூப்பிட்டவள், அன்றைக்கு அந்தச் சொல்லை விட்டாள்.

"காரியக்காரரே, குடிசையைப் பிரிக்க ஆள் அனுப்புங்க. நான் உள்ளதான் உக்காந்திருப்பேன். என்னையும் சேர்த்துப் பிரிக்கட்டும்."

ஆள் வரவில்லை. கொடி பிடித்த சங்கத்துக்காரர்கள் தெருவில் இருந்தார்கள், அந்தப் பயம். ஆனால் பண்ணையில் அவளுக்கு வேலை நின்றது. ஐந்து கல், ஆறு கல் நடந்து வெளியூர் நடவுக்கும் அறுப்புக்கும் போனாள். சில சமயம் தரங்கம்பாடிப் பக்கம் போய், அங்கே பத்து நாள் தங்கி வேலை பார்த்துவிட்டு வருவாள். அவள் புருஷன் முருகையன் நல்லவன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. "பாட்டாடி உனக்குச் சோறு போடுது?" என்று என் கடையிலேயே வந்து சண்டை போட்டான்.

"பாட்டை விடுய்யா. எம்பேரு போட்டு என் வீட்டுக்கு வருதுல்ல, அதைத்தான் நிறுத்தச் சொல்றான். இன்னிக்கி நிறுத்தினா, நாளைக்கி நீ இங்க இருந்ததே இல்லம்பான்."

அறுப்புக்கு ஒன்றாக வந்துகொண்டேயிருந்தது. ஏழு தட்டு சேர்ந்தது. ஏழாவதில் ராஜா படையோடு கோட்டை வாசலுக்கு வந்துவிட்டான். ராணி மேலே நிற்கிறாள். அத்தோடு தட்டு முடிந்தது. பாய்க்கு முடிவு தெரியும். சொல்ல வாயெடுத்தார். "சொன்னீங்கன்னா கொன்னுபுடுவேன் பாய்" என்று காத்தாயி காதைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வருஷம்தான் குடியிருப்புச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட தேதியில் மிராசுதார் மனையில் குடியிருந்த கூலிக்காரர்களுக்கு அந்த மனை சொந்தம். ஊர் ஊராக விசாரணை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தாசில்தார் மேஜை போட்டு உட்கார்ந்தார். கீழத்தெருவில் முக்கால்வாசிப் பேர் பெயரைப் பண்ணை ஆட்சேபிக்கவில்லை, சங்கத்தோடு மோத வேண்டாமென்று. காத்தாயி பெயர் வந்ததும் இராஜாங்கம் எழுந்தார்.

"இவ இந்த ஊர்லயே இல்லீங்க. தரங்கம்பாடிப் பக்கம் இருக்கா. அறுப்புக்கு வருவா, குடிசை போடுவா, போயிருவா. பண்ணை வேலைக்கணக்குல மூணு வருஷமா பேரு இல்ல, பாத்துக்குங்க."

வேலையை நிறுத்தியதும் இவர், வெளியூருக்கு விரட்டியதும் இவர், அதையே சாட்சியாகக் கொண்டுவந்து நீட்டியதும் இவர்! எனக்குக் கை பரபரத்தது. சைக்கிள் பம்பு கையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

"குடும்பக் கார்டு இருக்காம்மா?" என்றார் தாசில்தார்.

"பண்ணையில வாங்கி வெச்சிருந்தாங்க. கேட்டா தொலைஞ்சு போச்சுங்குறாங்க."

"வேற ஏதாவது காகிதம்?"

காத்தாயி என்னைப் பார்த்தாள். அவள் விறுவிறுவென்று பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போனாள். போய்விட்டாள், தோற்றுவிட்டாள் என்றே நினைத்தேன். இராஜாங்கம் தோளில் துண்டைச் சரி செய்துகொண்டார்.

திரும்பி வரும்போது தலையில் தட்டுக் கட்டு இருந்தது. தட்டுக்கு உறை ஏது அவளிடம்? பாய் அனுப்பிய பார்சல் காகிதத்தையே மடித்து உறையாக வைத்திருந்தாள். ஒவ்வொரு தட்டாக உருவிப் பெஞ்சில் வைத்துவிட்டு, காகிதத்தை மேஜையில் விரித்தாள். ஆறு காகிதம். ஆறிலும் காத்தாயி, கீழத்தெரு, நெடுவாய்க்கால். ஆறிலும் தபால் முத்திரை, தேதியோடு. எல்லாமே சட்டத்தில் சொன்ன தேதிக்கு முந்தியது.

"விலாசம் யார் வேணா எழுதலாங்க. அந்தப் பாய் இவ கூட்டாளி. தெருவுக்குள்ள தபால் போனதுன்னு யார் கண்டா?" என்று இராஜாங்கம் குதித்தார்.

அன்றைக்குத் தபால் கொடுக்க வந்து, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார் குஞ்சிதபாதம். பண்ணை வீட்டில் தினமும் காப்பி குடிக்கிற மனுஷன். வாயைத் திறப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நான் கண்டேன். கொண்டுபோய்க் குடுத்ததே நாந்தானே? ஆறு தடவை. அவ வாசல்லதான் குடுத்தேன்."

"ஏன்யா, பண்ணைக்கு எதிரா..."

"எதிராவது புதிராவது! நாலாவது தடவை அவ வீட்டு நாய் என்னைக் கடிச்சிதுய்யா!"

வேட்டியைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். தழும்பு பளிச்சென்று இருந்தது. தாசில்தாருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. காத்தாயி பக்கம் திரும்பி, "தட்டுல என்னம்மா இருக்கு?" என்றார்.

"ஒரு ராணி கதைங்க. கோட்டையைத் தர மாட்டேங்குறா."

அவர் பேனாவை எடுத்தார்.

அடுத்த அமாவாசைக்கு ஜெக்கரியா பாய் கையோடு எட்டாவது, ஒன்பதாவது தட்டைக் கொண்டுவந்திருந்தார். வெறும் தட்டுகள், பழைய துண்டில் சுற்றி. "இந்தா காத்தாயிம்மா, என் சீரா இருக்கட்டும். இப்பவே போட்டுக் கேளு, ராணி ஜெயிச்சாளான்னு தெரிஞ்சிக்க" என்று நீட்டினார். நானும் பெட்டிக்குச் சாவி கொடுத்துத் தயாராக வைத்துவிட்டேன்.

அவள் கையை நீட்டவில்லை.

"சீர் சரி பாய், சந்தோசம். ஆனா கையில வாங்க மாட்டேன். திருப்பி எடுத்துட்டுப் போயி தபால்ல அனுப்புங்க."

"அடி பாதகத்தி! முடிவு தெரியாம மூணு வருஷமா தவிக்கிறியே!"

"இன்னும் நாலு நாளு தவிக்கிறேன். விலாசம் எழுதிக்குங்க."

பாய் தலையில் அடித்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"காத்தாயி. சொந்த மனை. கீழத்தெரு. நெடுவாய்க்கால்."