மச்சான் உட்ட பாடு

என் பொண்டாட்டியோட அண்ணன் குடியை உட்டான். அதுல உனக்கு இன்னா வயித்தெரிச்சல்னு நீங்க கேக்கலாம். இருந்துது. நெறையவே இருந்துது.

பதினஞ்சு வருஷமா ஒரே படகு, ஒரே வலை, ஒரே பாட்டில். வலை இழுத்து முடிச்சதும் அவன் ஒரு வாய், நான் ஒரு வாய். அப்பிடி இருந்தவன் திடீர்னு ஒரு நாளு, "எனக்கு வேணாம் மச்சான்"னு டீ கிளாசைப் புடிச்சிகினான். நாலு நாளு தாங்கமாட்டான்னு ஊரெல்லாம் சொன்னேன். நாலு மாசம் ஓடிப்போச்சு. சட்டைக்கு ஒழுங்கா பட்டன் போட ஆரம்பிச்சான். கண்ணு வெள்ளையாச்சு. எங்க வூட்ல எனக்குச் சோறு எறங்கல. "எங்கண்ணனப் பாரு, எங்கண்ணனப் பாரு"ன்னு சொல்லிகினேதான் அவ கொழம்பு ஊத்துவா.

அதையாவது பொறுத்துக்கலாம். எம் பொண்ணு பன்னண்டாவது பாஸ் பண்ணுச்சு. சேதி வந்ததும் போனைத் தூக்கிகினு நேரா அவன் வூட்டுக்கு ஓடுச்சு. நான் வாசல்லதான் உக்காந்திருந்தேன். என்னைத் தாண்டித்தான் ஓடுச்சு. அப்பறமா கேட்டதுக்கு, "நீ தெளிவா இருக்கேன்னு எனக்கு எப்பிடித் தெரியும் நைனா?"ன்னுச்சு. அன்னிக்கி மெய்யாலுமே நான் ஒரு சொட்டு தொடல. சொன்னா யாரு நம்புறது? அன்னிலேருந்து மச்சானைப் பாத்தாலே எனக்குப் பத்திகினு வரும்.

எங்க தோணிரேவுக் குப்பத்துல, பழவேற்காட்டு ஏரியில நல்ல எடமாப் பாத்து வலை கட்டறதுக்கு முறை உண்டு. பாடுன்னு சொல்லுவோம். இன்னிக்கி உனக்குன்னா நாளைக்கி இன்னொருத்தனுக்கு. நம்ம பாடு வந்த அன்னிக்கிப் போவலன்னா போச்சு, மறுபடி சுத்தி வர்ற வரைக்கும் கரையில குந்தியிருக்கணும். காய்ச்சலோட போனவன் இருக்கான். காலையில தாலி கட்டிட்டு சாயந்திரம் போனவன் இருக்கான். அப்பேர்ப்பட்ட பாடு எங்களுக்கு ஒரு ஞாயித்துக்கெழமை வந்துது. மச்சான், "நான் வரல, எனக்குப் பதிலா வேற ஆளைச் சேத்துக்கோ"ன்னு சொல்லிட்டு, வெளுத்த சட்டை போட்டுகினு பஸ் ஏறப் பூட்டான்.

எனக்குச் சுருக்குனு பட்டுது. பாட்டை எவனாவது சும்மா உடுவானா? வடக்குப் பக்கத்து ஆளுங்களோட கூட்டு சேந்துட்டான். எறா கொழிக்கிற எடம் ஏதோ மாட்டியிருக்கு, எனக்குத் தெரியாம அங்க வலை கட்டறான். அதான் சட்டை, அதான் மினுக்கு. அடப்பாவின்னு திட்டிகினே, எங்க வலையைப் பங்காளிங்க தலையில கட்டிட்டு அவன் பின்னாலயே கெளம்பிட்டேன்.

பொன்னேரி போயி ரயில் ஏறுனான். நான் அடுத்த பெட்டி. இடுப்புல இருந்த கோட்டருல பாதி எளாவூர் வர்றதுக்குள்ள காலி. தைரியத்துக்குத்தான். ஆரம்பாக்கத்துல எறங்குனான். ஏரிப் பக்கம் திரும்புவான்னு பாத்தா, ரோட்டைத் தாண்டி டியூஷன் நடத்துற ஒரு ஓட்டு வூட்டுக்குள்ள நொழஞ்சான்.

நான் ஜன்னலாண்ட நின்னேன். உள்ள பத்துப் பன்னண்டு பிளாஸ்டிக் நாற்காலி, வட்டமா. லாரி ஓட்டுறவர் ஒருத்தர், பழவேற்காட்டு பாய் ஒருத்தர், இன்னும் யார் யாரோ. ஒருத்தரும் மீனைப் பத்திப் பேசல. எப்பக் குடிக்க ஆரம்பிச்சாங்க, எப்பிடி உட்டாங்கன்னு பேசிகினு இருந்தாங்க. ஓகோ, ஞாயித்துக்கெழமைக்கி ஞாயித்துக்கெழமை இங்க வந்துதான் உட்டானா! எனக்கு இன்னும் எரிஞ்சுது. இப்பிடி ஒரு எடம் இருக்குன்னு என்னாண்ட ஒரு வார்த்தை சொன்னானா? தான் மட்டும் கரையேறிட்டு என்னைக் கழட்டி உட்டுட்டான்.

அப்ப மச்சான் முறை வந்துது.

"எனக்கு ஒருத்தனைப் பாத்தா பொறாமையா இருக்கு"ன்னான். "என் தங்கச்சி புருஷன். என்கூட வலை இழுக்கறவன். தெனம் எதிர்ல உக்காந்து குடிக்கிறான். அந்த வாசனைக்கு எனக்கு நாக்கு ஊறுது. அவன் மட்டும் குடிக்கலாம், நான் குடிக்கக்கூடாதான்னு ஆத்திரமா வருது. வேற படகுக்குப் போயிடுன்னு வூட்ல சொல்றாங்க. நான் போனா அவனை எவன் ஏத்துவான்? போதையில தண்ணியில உழுந்தா யாரு தூக்குவா? இங்க கூப்பிட ரெண்டு தபா வாயெடுத்தேன். திட்டுவான்னு உட்டுட்டேன்."

திட்டியிருப்பேன். அதுல சந்தேகமே இல்ல.

திரும்பிப் பூடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள கதவாண்ட இருந்தவர் என்னைப் பாத்துட்டு வெளிய வந்தார். வாடை அவருக்கு அடிச்சிருக்கும். ஒண்ணும் கேக்கல. "உள்ள வாங்க"ன்னு கூட்டிகினு போயி ஒரு டீ குடுத்தார். என்னைப் பாத்ததும் மச்சானுக்கு மூஞ்சி வெளிறிப்போச்சு. அவன் பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருந்துது. என் வாய் நாத்தம் அவனுக்கு ஆவாதேன்னு ரெண்டு நாற்காலி தள்ளிப் போய் உக்காந்தேன்.

"பேரு வேணாம். பேசணும்னா பேசுங்க, இல்லன்னா சும்மா கேட்டுகினு இருங்க"ன்னாங்க.

ரயில்லயே திட்டறதுக்கு வார்த்தை சேத்து வெச்சிருந்தேன். அதையெல்லாம் உட்டுட்டேன். டீ கிளாசைக் கீழ வெச்சேன்.

"இவரு சொன்ன அந்த ஆளு நான்தாங்க"ன்னேன். "நல்ல சேதி வந்தா எம் பொண்ணு என்னைத் தாண்டி ஓடுது. ஒரு தபாவாச்சும் அது என்னாண்ட நிக்கணும்."