மிக்சருக்கு ஒரு வெள்ளிக் கால்

கிளாடிஸ் மிஸ்ஸின் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பென்சில் சீவும், பூண்டு உரிக்கும், அடுத்த வீட்டுக் குழந்தையின் மூக்கைத் துடைக்கும். சாந்தோமில் பங்குப் பள்ளியில் பல வருடங்களாக மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவரிடம் படித்துத் தேறிப் போகும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும். ஷூ லேஸ் கட்டத் தெரியாது. நான்காம் வகுப்பு ஷெரில் மிஸ் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டாமல் போகமாட்டார்.

“நீங்களே கட்டி விட்டுட்டா அதுங்க எப்ப மிஸ் கத்துக்கும்? ஜூன் மாசம் முழுக்க நான் தரையிலயே உக்காந்து கிடக்கேன்.”

“பாவம் ஷெரில், சின்ன விரலு.”

அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கை ஓய்வது கோயில் மணிக்கு மட்டும்தான். காலையிலும் நண்பகலிலும் மாலை ஆறு மணிக்கும் தெருமுனை மாதா கோயிலில் மணி அடிக்கும்போது, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று திரிகால செபம் சொல்வது அவர்கள் வீட்டு வழக்கம். செபம் முடியும்வரை பேச்சு கிடையாது, அசைவு கிடையாது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்ததை மாடியில் குடியிருக்கும் நான் வாசனையாலேயே அறிந்திருக்கிறேன். தம்பி கிளிஃபர்ட், தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைத் தளத்துக்குப் பொறுப்பாளர், மற்ற எதிலும் அக்காவைக் கேலி செய்யாமல் விடமாட்டார். மணி அடித்தால் அவரும் நின்றுவிடுவார். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்பதை நிறுத்தி வெகு காலம் ஆகிறது.

மூன்றாவது ஆள் மிக்சர். செம்பழுப்பும் வெள்ளையும் கறுப்பும் கலந்த தெரு நாய். ஒரு மழையில் படிக்கட்டுக்கு அடியில் வந்து ஒதுங்கியது, பிறகு போகவில்லை. என்ன ஜாதி நாய் என்று யாரோ கேட்டதற்கு, கிளிஃபர்ட் தான் தின்றுகொண்டிருந்த பொட்டலத்தைப் பார்த்துச் சொன்ன பதில்தான் பெயராக நிலைத்தது. பகலில் வீட்டைக் காப்பான். மாலையானால் தெருமுனையில் பாஞ்சாலி மீன் பொரிக்கும் தள்ளுவண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

கோடை விடுமுறை தொடங்கிய வாரம், தண்ணீர் கேன் ஏற்றி வந்த டெம்போ ஒன்று பின்பக்கமாக வந்தபோது அவனுடைய இடது பின்னங்கால் சக்கரத்தில் சிக்கியது.

அடையாற்றில் இருந்த கால்நடை மருத்துவமனையில், காலைக் காப்பாற்றப் பார்ப்பதாகத்தான் முதலில் சொன்னார்கள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடியே கிளாடிஸ் மிஸ் பொருத்தனை செய்தார்: கால் பிழைத்தால் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு வெள்ளிக் கால். வழக்கமாக நினைத்தது நடந்த பிறகுதான் காணிக்கையை வாங்குவார்கள். அவரால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. மறுநாள் காலையிலேயே என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பெசன்ட் நகருக்குப் போய்விட்டார்.

கோயில் வாசல் கடையில் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே வெள்ளித் தகட்டில் செய்த கண், கை, தொட்டில் குழந்தை, வீடு எல்லாம் தொங்கின.

“நாய்க் கால் இருக்குமாப்பா?”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “மனுசக் கால்தான்க்கா கீது. நாய்க் கால்னு எவனும் செய்யறதில்ல.”

“சரி குடுங்க. இடது கால்.”

“இதுல இடது வலது ஏதுக்கா? தகடுதானே? இப்பிடிப் புடிச்சா இடது. திருப்பிப் புடிச்சா வலது.”

“இடதாவே சுத்திக் குடுங்க,” என்றார் கிளாடிஸ் மிஸ்.

திரும்பும் வழியில், ஆட்டோ அடையாறு பாலத்தில் நின்றுகொண்டிருந்தபோது, டாக்டரிடமிருந்து போன் வந்தது. எலும்பு பொடிந்துவிட்டது; காலை எடுத்தால்தான் உயிர் பிழைக்கும். அவர் “சரி டாக்டர்” என்று மட்டும் சொன்னார். அந்தச் சின்னக் காகிதப் பொட்டலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வீடு வரும்வரை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு அது வீட்டிலிருந்த மாதா சுரூபத்துக்குப் பின்னால் போனது. கேட்டது கிடைக்காததால் காணிக்கையைச் செலுத்த முடியாது. நேர்ந்துகொண்ட பொருளை வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது.

மிக்சர் வீட்டுக்கு வந்தபோது இடுப்பின் ஒரு பக்கம் மழித்து, தையல் போட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு இருந்தான். கூம்பு கதவில் இடிக்கும், நாற்காலியில் இடிக்கும், இடித்த பொருளைக் கோபமாகத் திரும்பிப் பார்ப்பான். வலி மாத்திரையை இட்லிக்குள் வைத்துக் கொடுத்தால் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாக வெளியே வைத்தான். தயிர் சாதத்திலும் அதேதான். பாஞ்சாலிதான் சங்கரா மீனை முள் எடுத்து, உப்பு காரம் போடாமல் அவித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குள் வைத்த மாத்திரை எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

அடுத்த தொல்லை தரை. அது பழைய மொசைக் வீடு. தினமும் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி போல ஆக்கி வைத்திருந்தார் கிளாடிஸ் மிஸ். மூன்று காலில் நிற்கும் நாய்க்கு அது எண்ணெய் கொட்டிய தரைதான். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் போய்க் கால்மிதி கேட்டு வாங்கினார். என்னுடையதும் போனது. படுக்கையிலிருந்து பின்வாசல் வரை கால்மிதிகளாலேயே ஒரு பாதை. பாதிக்கு மேல் ‘வெல்கம்’ என்று எழுதியவை.

“ஒண்ணுக்குப் போறவனுக்கு இவ்ளோ வரவேற்பா?” என்றார் கிளிஃபர்ட். “எங்க கடைக்கு மந்திரி வந்தப்பகூட ஒரு மேட்தான் போட்டாங்க.”

வயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்து லேசாகத் தாங்கிக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிளாடிஸ் மிஸ் தாங்கவில்லை, தூக்கினார். மிக்சரின் முன்னங்கால்கள் நடந்தன. பின்பாகம் துண்டில் பல்லக்கு போல மிதந்து வந்தது. துண்டைக் கீழே வைத்தால் அவன் அப்படியே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்ப்பான். அவர் உடனே துண்டை எடுத்துவிடுவார்.

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் புண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு அந்த இளம் பெண் டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

“காயம் நல்லா ஆறிடுச்சு மேடம். ஏன் இன்னும் தானா நிக்கல? வலது காலுக்கு வேலை கொடுக்கலைன்னா சதை வத்திடும்.”

“தினமும் நடத்துறேனே டாக்டர்.”

“துண்டு பிடிச்சா?”

“விட்டா விழுந்துடுவானே?”

“விழுவான். எந்திரிப்பான்.”

வீட்டுக்கு வரும்போது கிளாடிஸ் மிஸ்ஸின் காதில் ‘விழுவான்’ மட்டும்தான் மிச்சமிருந்தது.

மே முடிந்துகொண்டிருந்தது. பள்ளி திறந்துவிட்டால் வீட்டில் பகலில் ஆள் கிடையாது. பின்வாசலுக்குத் தானாகப் போகத் தெரியாத நாய், மாலை வரை படுத்த இடத்திலேயே கிடக்க வேண்டும். ஓரிரு மணி நேரம் நான் பார்த்துக்கொள்ளலாம். எனக்கும் வேலை இருந்தது. கிளிஃபர்ட் யோசித்து, பாலவாக்கத்தில் இருக்கும் சித்தி மகள் ஜொவிட்டாவிடம் பேசினார். அவள் உடனே அக்காவுக்கு போன் செய்தாள். ஸ்பீக்கரில் அவள் குரல் மாடி வரை கேட்டது.

“இங்க முழுக்க மணல்க்கா, வழுக்காது. வீட்ல எப்பவும் யாராவது இருப்போம். சனிக்கிழமை நானே கார் எடுத்துட்டு வரேன். நீ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போ.”

“யோசிச்சுச் சொல்றேன் ஜொவி.”

“என்னத்தக்கா யோசிக்கப் போற? அவனுக்கு நல்லதுதானே?”

நல்லதுதான். அன்று சாயங்காலம் கிளாடிஸ் மிஸ் கூம்பைக் கழற்றி வைத்துவிட்டு அவன் தலையை வாரிக்கொண்டிருந்தார். சீப்பு அவருடையது.

அந்த வியாழக்கிழமை கிளிஃபர்ட்டுக்கு வார விடுமுறை. ஜொவிட்டா மறுபடி அழைத்து, சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டிருந்தாள். போனை வைத்துவிட்டு கிளாடிஸ் மிஸ் மிக்சரைத் துண்டோடு தெருவாசலுக்குக் கொண்டுவந்தார். அடிபட்டதிலிருந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது தவிர, அவனைத் தெருப்பக்கம் கொண்டுவந்ததே இல்லை. மாலை ஆறு மணி ஆகப்போகும் இந்த நேரத்துக்கு அவர் எப்போதும் உள்ளே மாதா முன் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பார்.

“எங்க மிஸ் கிளம்பிட்டீங்க?” என்றார் வாசற்படியில் நின்ற கிளிஃபர்ட், வழக்கமான கேலியோடு.

“போறவன் தெருவை ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டுமேடா.”

பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தெருமுனையில் பாஞ்சாலி அப்போதுதான் எண்ணெய்ச் சட்டியைக் காயவைத்து முதல் ஈடு நெத்திலியைப் போட்டிருந்தாள். வாசனை தெரு முழுக்க வந்தது. அவள் கரண்டியும் கையுமாகக் கூவினாள்.

“இன்னா மிஸ்ஸு, இன்னும் துண்டுலயே தூக்கினு கீற? அவன் இன்னா கைக்கொயந்தையா?”

“கால் வலிக்கும் பாஞ்சாலி.”

“எந்தக் காலு? இல்லாத காலா?”

கிளாடிஸ் மிஸ் பதில் சொல்ல வாயெடுத்தார். கோயிலில் மணி அடித்தது.

யோசித்துச் செய்திருந்தால் அவர் செய்திருக்கவே மாட்டார். சிறுவயதிலிருந்து பழகிய கைகள் துண்டை விட்டுவிட்டு நெஞ்சுக்கு நேரே குவிந்தன. கண் மூடியது. துண்டு மண்ணில் விழுந்தது.

மிக்சர் உட்காரவில்லை. மூக்கைத் தூக்கி ஒரு தடவை மோந்தான். வலது பின்னங்கால் நடுங்கியது, நின்றது. ஒரு தத்து. இன்னொன்று. வாசற்படியில் கிளிஃபர்ட்டும் கை குவித்து நின்றிருந்தார்; ஆனால் அவர் கண் மூடியிருக்கவில்லை. புருவத்தை மேலே தூக்கி, கண்ணை உருட்டி அக்காவுக்குச் சைகை காட்டினார். கண் மூடியிருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? தொண்டையைச் செருமினார். கிளாடிஸ் மிஸ் கண்ணைத் திறந்தார்.

திறந்த கண்ணுக்கு முன்னால் மிக்சர் பாதாளச் சாக்கடை மூடியின் விளிம்பில் தடுக்கி, பக்கவாட்டில் விழுந்தான்.

குவிந்த கைகள் ஒரு கணம் பிரியப் பார்த்ததை நான் மேலிருந்து கண்டேன். செபம் பாதிதான் ஆகியிருந்தது. உதடுகள் அதுவரை நான் கேட்டிராத வேகத்தில் ஓடத் தொடங்கின. அக்கா ஓர் இடத்தில், தம்பி ஓர் இடத்தில், இருவரும் ஆணி அடித்தது போல நிற்க, மிக்சர் தெருவில் கிடந்தான். காதை உதறினான். முன்னங்கால்களை ஊன்றி, ஒற்றைப் பின்னங்காலைத் தனக்குக் கீழே சரியாக இழுத்து வைத்து, எழுந்தான்.

பிறகு திரும்பியே பார்க்கவில்லை. தத்தித் தத்தி, கொஞ்சம் கோணலாக, வாலை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டான்.

“மிஸ்ஸு! உன் புள்ள வந்துட்டான்!” என்று பாஞ்சாலி கத்தினாள். “வா நைனா, வா. இத்தினி நாளா எங்க போய்க் கெடந்த?”

செபம் முடிந்து சிலுவை போட்டுக்கொண்ட பிறகும் கிளாடிஸ் மிஸ் நகரவில்லை. கிளிஃபர்ட்தான் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“என்னக்கா, அழுறியா?”

“புகைடா. மீன் புகை.”

“புகை அந்தப் பக்கம் போகுது மிஸ்.”

அன்று இரண்டு நெத்திலி மட்டும், மசாலாவைக் கழுவிவிட்டு, மிக்சருக்கு அனுமதி கிடைத்தது. திரும்பி வரும்போதும் நடந்தேதான் வந்தான். வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தான். கிளாடிஸ் மிஸ் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, அவன் எழும்வரை பக்கத்தில் நின்றார்.

மறுநாள் கால்மிதிப் பாதையில் பின்வாசலுக்குத் தானாகப் போய் வந்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் பாலவாக்கத்துக்கு போன் போனது.

“மிக்சர் வரல ஜொவி. நீ வா. சனிக்கிழமையே வா, மீன் வாங்கி வைக்கிறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா, தம்பி, நான் மூவரும் பெசன்ட் நகருக்குப் போனோம். மாதா சுரூபத்துக்குப் பின்னாலிருந்த பொட்டலம் கிளாடிஸ் மிஸ்ஸின் கைப்பையில் இருந்தது. காணிக்கை வைக்கும் இடத்தில் வரிசை மெதுவாக நகர்ந்தது.

“எனக்கு ஒரே ஒரு சந்தேகம்க்கா,” என்றார் கிளிஃபர்ட் குரலைத் தாழ்த்தி. “நீ கேட்டது இடது காலு. மாதா குடுக்கல. இப்ப எதுக்கு இத வைக்கிற?”

கிளாடிஸ் மிஸ் பொட்டலத்தைப் பிரித்தார். கடைக்காரர் சுற்றிக் கொடுத்தபடியே தகடு இடது காலாக இருந்தது. அவர் அதை விரலால் நிதானமாகத் திருப்பிப் பிடித்தார்.

“வலது,” என்றார். “ரெண்டு காலு வேலைய இது ஒண்ணே செய்யுதுல்ல?”

வரிசை நகர்ந்தது. அவர் தகட்டை வைத்துவிட்டுக் கை கூப்பினார்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. மிக்சர் வாசல்வரை வந்து அவரை அனுப்பிவிட்டு, உள்ளே போய் என் கால்மிதியில் படுத்துக்கொண்டான். அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. மாலையில் ஷெரில் மிஸ் வந்திருந்தார். எதிர்பார்த்த குறையோடுதான்.

“முதல் நாளே மூணு பிள்ளைக்கு லேஸ் கட்டி விட்டீங்களாமே மிஸ்?”

“மிக்சருக்காவது மூணு காலு, அதுங்களுக்கு ரெண்டுதானே ஷெரில்,” என்றார் கிளாடிஸ் மிஸ், பூண்டு உரித்துக்கொண்டே.