பூப் போட்ட பொத்தான்

என் மச்சாளின் கல்யாண எழுத்தில், அதாவது பதிவுக் கல்யாணத்தில், நான் தொண்ணூற்றாறு படங்கள் எடுத்தேன். அவற்றில் மூக்கும் முழியுமாகத் தெளிவாக விழுந்த மனிதர் அநேகமாக ஒருவர்தான். அது மாப்பிள்ளை இல்லை. பொம்பிளையும் இல்லை. படமெடுத்த நான்.

கமராவுக்குப் பின்னால் நின்றவன் கமராவுக்குள் எப்படிப் போனான் என்று கேட்பீர்கள். நூற்று முப்பத்திரண்டு பக்கக் கைநூலை வரிவரியாகப் படித்தவனுக்கு மட்டுமே கிடைக்கிற பேறு அது.

நடந்தது இரண்டாயிரத்துச் சொச்சத்தில். மெல்பேணில் நாங்கள் நோபல் பார்க்கில் இருந்தோம். இணையம் ரெலிபோன் வயரில் கீச்சிட்டுக்கொண்டு வந்த காலம். படச்சுருளைக் கடையில் கொடுத்து, ஒரு கிழமை காத்திருந்து, முப்பத்தாறு படத்தில் பதினொன்றில் என் விரலும் ஐந்தில் வீட்டு முகடும் விழுந்திருப்பதைக் கண்டு நொந்த தலைமுறை நான். அப்படிப்பட்டவன் கிளென் வேவர்லியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள், சவர்க்காரப் பெட்டியளவில், வெள்ளி நிறத்தில் ஒரு டிஜிட்டல் கமராவைக் கண்டால் என்ன செய்வான்? ரயிலில் திரும்பி வரும்போது பெட்டியைப் பிரித்துவிட்டேன். வீடு வரைக்கும் பொறுக்க முடியவில்லை.

பெட்டிக்குள் இருந்த கைநூல் மெலிந்தது. முழு நூல் கூடவந்த சிடி இறுவட்டில் இருந்தது. அதை அலுவலகத்தில் அச்சடித்து, சுருள் கம்பி போட்டுக் கட்டி, பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். பழைய நூல்களுக்கு உரை எழுதினவர்களை எனக்குப் பிடிக்கும். அதே முறையில் ஓரங்களில் குறிப்பெழுதினேன்.

என்ன உலகம் அது! லென்ஸ் நீண்டு கிட்ட இழுப்பது ஒரு வகை. படத்தின் நடுவை வெட்டிப் பெருப்பித்துவிட்டுக் கிட்ட இழுத்ததாகப் பொய் சொல்வது இன்னொரு வகை. பொய்யான வகையை உடனே அணைத்துவைத்தேன். குழல் விளக்கின் கீழே வெள்ளைச் சேர்ட் ஏன் பச்சையாக விழுகிறது, அதை எப்படித் திரும்ப வெள்ளையாக்குவது என்பதற்கு ஆறு பக்கம். அதை மூன்று தரம் படித்தேன். கமராவின் தலையில் ஒரு சில்லு. அதைத் திருப்பத் திருப்பச் சின்னச் சின்னச் சித்திரங்கள்: ஒரு தலை, ஒரு மலை, நிலாவும் நட்சத்திரமும், ஓடுகிற ஒரு ஆள். ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் இவ்வளவு வாழ்க்கையா என்று மயிர்க்கூச்செறிந்தது.

ஓடுகிற ஆளைப் பரீட்சிக்க, கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் போனேன்.

"இஞ்சரும், அந்த மூலையிலயிருந்து இந்த மூலைக்குக் கொஞ்சம் கெதியாய் ஓடும் பாப்பம்."

"எனக்கு முழங்கால் நோ. அதுக்குள்ள ஒருத்தன் ஓடுறான் எண்டியள், அவனை ஓடச் சொல்லுங்கோ."

இப்படிக் குறி குறியாகப் படித்துக்கொண்டு நாற்பத்தோராம் பக்கத்துக்கு வந்தேன். அங்கே ஒரு பூ. இரண்டு இலையோடு சின்னதாக ஒரு பூ. கீழே அரைப் பக்க விளக்கம். நான் அதைப் படிக்கவில்லை. பூ என்றால் பூ. இதற்கும் ஒருவன் உட்கார்ந்து உரை எழுதியிருக்கிறானே என்று அவனுக்காகப் பரிதாபப்பட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். நூற்று முப்பத்தொன்றரைப் பக்கம் படித்தவன் என்பதுதான் சரியான கணக்கு.

அந்த மாதந்தான் மனைவியின் தங்கைக்கு, என் மச்சாளுக்கு, எழுத்து. ஹோலும் வேண்டாம், மணவறையும் வேண்டாம், உங்கள் வீட்டு விறாந்தை போதும், மாலையும் மோதிரமும் மாற்றிப் பதிவில் கையெழுத்து வைத்தால் சரி என்று அவளும் மாப்பிள்ளையும் சொல்லிவிட்டார்கள். ஒரேயொரு குறை. யாழ்ப்பாணத்திலிருந்த மாமிக்கு, அவளின் அம்மாவுக்கு, இரண்டாந் தரமும் விசா கிடைக்கவில்லை.

மாமி ரெலிபோனில் அழவில்லை. என்னைக் கூப்பிடச் சொன்னா.

"தம்பி, படம் எடுக்கிறியள்தானே?"

"ஓம் மாமி. புதுக் கமரா. அண்டைக்கே அனுப்பிவிடுவன்."

"எனக்குக் கனக்க வேண்டாம். மோதிரம் போடேக்கை அவளின்ரை முகம் தெரியவேணும். ஏழு வருசமாய் நான் குரலைத்தான் கேக்கிறன். குரலில அவள் எப்பவும் நல்லாய்த்தான் இருக்கிறாள். முகத்தைப் பாத்தால்தான் எனக்குத் தெரியும், மனசுக்குப் பிடிச்சுத்தான் கட்டுறாளோ எண்டு."

"அதை என்னட்டை விடுங்கோ மாமி" என்றேன். கிளேற்றனில் படமெடுக்கிற ஒருவரை மனைவி பேசிவைத்திருந்தாள். அவரையும் நானே கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொன்னேன். நான் இருக்கும்போது அவர் எதற்கு?

எழுத்தன்று காலை வீடு முழுக்கப் பூ. ரோசா மாலை இரண்டு, மச்சாளின் கொண்டையில் மல்லிகை, தட்டத்தில் உதிரிப் பூ, கதவு நிலையில் பூ. சில்லைப் பார்த்தேன். தலையா, மலையா, ஓடுகிற ஆளா? அப்போதுதான் பின்பக்கத்துப் பொத்தானில் அந்தப் பூ என் கண்ணில் பட்டது. ஆயுள் முழுக்கத் தேடினாலும் ஒருவனுக்கு இதைவிடப் பூவுக்கான இடம் கிடைக்காது. அழுத்தினேன். திரையின் மூலையில் ஒரு பூ மலர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

முன்னால் ஒரு பொருளை வைத்து எடுத்தால் படத்துக்கு ஆழம் வரும் என்று வேறொரு புத்தகத்தில் படித்திருந்தேன். மேசையில் பதிவுப் புத்தகம் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் வெள்ளிப் பன்னீர்ச் செம்பை நகர்த்தி வைத்து, ஒரு முழங்காலை மடித்து, செம்புக்கு ஒரு சாண் தள்ளிக் கமராவைப் பிடித்தேன். அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை, பொம்பிளை, பதிவுகாரர். என் பின்னால் இருபது பேர்.

"எத்தினை பிலிம் போட்டிருக்கிறீர்?" என்றார் பின்னால் நின்ற ஒரு அங்கிள்.

"பிலிம் இல்லை அங்கிள். டிஜிட்டல்."

"அப்ப சும்மா பாவனைக்குத்தான் அமத்துறீரோ?"

நான் அமத்திக்கொண்டே இருந்தேன். படம், படம், படம். தீர்ந்துபோகாத படம்! திரையின் நடுவில் ஒரு மஞ்சள் சட்டம் துடித்துத் துடித்து மினுங்கியது. என்னைப்போலவே கமராவுக்கும் நெஞ்சு படபடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எடுத்த படம் உடனே திரையில் வந்தது. அந்தத் திரை தீப்பெட்டியின் பாதி இருக்கும். அதில் எல்லாரும் தேவர்கள் மாதிரி இருந்தார்கள்.

மாப்பிள்ளை மோதிரத்தை எடுத்து மச்சாளின் விரல் நுனிக்குக் கொண்டுபோன நேரம் கமரா செத்தது. பற்றரி.

"நில்லுங்கோ! நில்லுங்கோ! போடாதேங்கோ!"

மாப்பிள்ளை அப்படியே நின்றார். பதிவுகாரர் வாயைத் திறந்தபடி நின்றார். நான் இரண்டு புதுப் பற்றரியை எடுத்து ஒன்றைத் தலைகீழாகப் போட்டு, கழற்றி, மற்றதையும் தலைகீழாகப் போட்டேன். பின்னாலிருந்து அங்கிளின் குரல் வந்தது: "அப்ப பிலிமும் இல்லை, கரண்டும் இல்லை." வீடு கொல்லென்று சிரித்தது. ஒருவழியாகக் கமரா கண் திறந்தது. வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தரம் அமத்தினேன். பிறகுதான் கவனித்தேன். மூலையில் பூவைக் காணோம்! நல்ல வேளை கண்டுபிடித்தேன் என்று என்னை நானே மெச்சி, பூவைத் திரும்பப் போட்டுவிட்டு, "ம், இப்ப போடுங்கோ" என்று கையசைத்தேன்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் போனபிறகு, பின்னேரம் போல, கொம்பியூட்டருக்கு முன்னால் குடும்பமாக இருந்தோம். முதல் படம் திறந்தது.

"ஏனப்பா, எல்லாரும் தண்ணிக்குள்ள நிக்கினம்?" என்றாள் மனைவி.

திரையில் தூசு என்று சேர்ட் நுனியால் துடைத்தேன். இரண்டாவது படம். மூன்றாவது. பதினெட்டாவது. எல்லாவற்றிலும் ஒரு சிவப்புப் புகையும் ஒரு வெள்ளைப் புகையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சிவப்பு என் மச்சாள், வெள்ளை மாப்பிள்ளை. அந்தப் புகைக்கு முன்னால், கழுத்தின் ஒவ்வொரு வேலைப்பாடும் எண்ணத்தக்கதாக, கண்ணைப் பறிக்கிற தெளிவில் பன்னீர்ச் செம்பு.

மாப்பிள்ளை நல்ல மனிதர். "அண்ணை, செம்பு சோக்காய் வந்திருக்கு" என்றார்.

ஏதாவது தேறுமா என்று படத்தைப் பெருப்பித்தேன். செம்பின் வயிற்றுக்குள் ஏதோ தெரிந்தது. இன்னும் பெருப்பித்தேன். வெள்ளி வயிற்றுக்குள் ஒரு வழுக்கைத் தலை, ஒரு கண் மூடி, ஒரு கண் கமராவில், கடைவாயில் நாக்கு.

"நாக்கை ஏன் வெளியில விட்டனீங்கள்?" என்றாள் மனைவி.

மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை. மாலையை இன்னும் கழற்றாமல் கதிரையின் பின்னால் நின்றாள்.

"அத்தான், அம்மாவுக்கு எதை அனுப்புறது?"

எழும்பிப் போய்க் கைநூலை எடுத்து, வாழ்க்கையில் முதல் முறையாக நாற்பத்தோராம் பக்கத்தின் கீழ்ப் பாதியைப் படித்தேன். கிட்ட இருக்கும் பொருளை எடுப்பதற்கு. பத்து சென்ரிமீற்றரிலிருந்து ஐம்பது சென்ரிமீற்றர் வரை. அதற்கு அப்பால் உள்ளவை மங்கும். மஞ்சள் சட்டம் மினுங்கினால் கமராவால் தூரத்தைக் குறிபிடித்துத் தெளிவாக்க முடியவில்லை என்று பொருள்.

வெட்கத்தில் செத்திருக்க வேண்டியவன் நான். உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு குதூகலம் கிளம்பிவிட்டது. அளவு நாடாவை எடுத்துக் குசினி மேசையில் விரித்து, ஒரு வாழைப்பழத்தை ஒரு சாணில் வைத்து எடுத்தேன். தோலின் கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒரு மீற்றரில் வைத்தேன். புகை! திரும்ப ஒரு சாணில். புள்ளி! கைநூல் சொன்னது சொன்னபடி நடந்தது. பூ என்றால் பூ இல்லை. பூவை முகர்கிற தூரம். "விளங்கிட்டுது! விளங்கிட்டுது!" என்று கத்தினேன்.

"எழுத்து முடிஞ்சாப்பிறகு விளங்கி என்ன?" என்று விறாந்தையிலிருந்து மனைவி கேட்டாள்.

அப்போது மச்சாள் "அத்தான், இஞ்ச ஓடி வாங்கோ!" என்று கூப்பிட்டாள். அவள் விடாமல் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஐம்பத்தெட்டாவது படம். செம்பு ஒரு மூலையில் புகையாக இருந்தது. நடுவில், கல்லில் செதுக்கினதுபோல், மாப்பிள்ளையின் கை. அந்தக் கையில் மோதிரம். மோதிரத்துக்குள் மச்சாளின் விரல் நுனி. அதற்கு மேலே அவள் முகம். பற்றரியோடு மல்லுக்கட்டிய என்னைப் பார்த்து, மற்றக் கையால் வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் முட்டி நிற்கிறது. மாப்பிள்ளை அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்.

நாற்பத்தோராம் பக்கத்தின் கடைசி வரியை ஓடிப்போய்ப் பார்த்தேன். கமராவை அணைத்தால் பூ தானாகவே நீங்கிவிடும். பற்றரி செத்தபோது நீங்கியது. நீங்கிய அந்த ஒரு படத்துக்குப் பிறகு, பூவைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தவன் நான்.

அந்த ஒன்றை மட்டும் அனுப்புவோம் என்றேன். மச்சாள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்டை மட்டும் அனுப்பினால் அம்மா ஏதோ ஒளிக்கிறம் எண்டு நினைப்பா." ஆகப் பன்னிரண்டு படம் போயின. ஒரு மத்தியானம் முழுக்க ரெலிபோன் வயரில் அவை ஊர்ந்துகொண்டிருந்தன. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் அச்சடித்து மாமியின் கையில் கொடுக்க ஏற்பாடு.

மூன்றாம் நாள் காலை ரெலிபோன் அடித்தது. முதலில் மச்சாள் பேசினாள். பேசினாள் என்பதைவிட, "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று அழுதாள். பிறகு என்னிடம் தந்தாள்.

"தம்பி," என்றா மாமி. "கண்டிட்டன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சின்னனில இருந்தே அவள் உண்மையாய்ச் சிரிச்சால் வாயைப் பொத்துவாள். எனக்கு இது காணும், வேற வேண்டாம்."

என் நெஞ்சு விம்மியது. எப்படி எடுத்தேன், எந்தக் கணத்தைக் குறிவைத்தேன் என்று அடக்கமாக ஒரு நாலு வரி சொல்ல வாயைத் திறந்தேன்.

"மற்றப் பதினொண்டும் நீங்கள் எடுத்தது எண்டு செம்பைப் பாக்கத் தெரியுது. நாக்குமெல்லே தெரியுது" என்றா மாமி. "இந்த ஒண்டை ஆர் தம்பி எடுத்தது? அந்தப் பிள்ளையையே முழுக்க எடுக்க விட்டிருக்கலாமே."