பால் கசியும் இலைகள்

தங்கையின் குழந்தை பிறந்த மறுநாளே போய்விட்டது. பாலுக்கு அது தெரியவில்லை. ஊறிக்கொண்டே இருந்தது.

மல்லசமுத்திரம் பக்கத்துத் தோட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பங்குனி வெயில். ஓரிடத்தில் நிற்காத என்னைப் பிடித்து உட்காரவைத்து, அவள் மாமியார் ஒரே ஒரு வேலை கொடுத்தார். காலையும் மாலையும் மல்லிகைப் பூவை அவள் மார்பில் வைத்துக் கட்ட வேண்டும், பால் வற்றிவிடும். கட்டினேன். வாடியதை அவிழ்த்துப் புதுப்பூ கட்டினேன். வற்றவில்லை. பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிடுமோ என்று பயம்.

நிழல்வலைக் குடிலுக்குள் சேலத்து ஓட்டல்களுக்காகப் போட்ட லெட்டூஸ் கீரை. துக்கத்தில் யாரும் பறிக்கப் போகவில்லை. தரையோடு சுருண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய செடிகள் வெயிலில் தண்டுவிட்டு, இடுப்புக்கு எழும்பி நின்றன. அப்படி எழுந்துவிட்டால் இலை கசக்கும், வாங்க ஆளில்லை. ஆட்டுக்காவது பிடுங்கிப் போடலாமென்று ஒரு மத்தியானம் உள்ளே போனேன்.

தங்கை அங்கே உட்கார்ந்து அந்த இலையைத் தின்றுகொண்டிருந்தாள். அவிழ்த்த மல்லிகை மடியில். ஒடித்த தண்டிலிருந்து வெள்ளையாய் வழிந்து விரலெல்லாம் பிசுபிசுப்பு. பக்கத்தில் ஒரு கைப்பிடி வாய்க்கால் களை. லெட்டூஸின் காட்டுப் பங்காளி அது. மஞ்சள் பூ, பல்பல்லான இலை, கிள்ளினால் அதே பால். குட்டி போட்ட ஆட்டுக்கு மடி சுரக்கட்டுமென்று மாமியார் தேடித் தேடிப் பிடுங்கிப் போடுவது.

கசக்குமே என்றேன். கசக்கத்தான் செய்கிறது என்றாள், மெல்வதை நிறுத்தாமல்.

"இந்தப் பால உட்டுருங்கக்கா. அவனுக்குன்னு வந்ததுங்க. இதுவும் போயிருச்சுன்னா, அவன் வந்துட்டுப் போனதுக்கு எங்கிட்ட என்னங்க இருக்குது?"

ஆட்டுக்கென்று ஒரு செடியையும் பிடுங்காமல் திரும்பினேன்.

அன்று முதல் பூவைப் பேருக்குக் கட்டினேன். பால் வற்றாததற்கு மாமியார் பூக்காரனைத்தான் திட்டினார், பழைய மொட்டைத் தண்ணீர் தெளித்துத் தலையில் கட்டிவிடுகிறான் என்று. நானும் தலையாட்டினேன். அவள் குடிலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். உதட்டோரம் பச்சை.

சித்திரை முடிவதற்குள் பால் தானாகவே நின்றது. எந்த இலையும் அதைப் பிடித்து வைக்கவில்லை. அவள் சொல்லவில்லை. துவைக்க எடுத்த ஜாக்கெட்டில் முன்பக்கம் கறையே இல்லை, வெறும் வேர்வை வாசனை. தண்ணீரில் முக்க மனம் வராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.