உயிரோடிருப்பவர்களின் சாம்பல் கட்டம்

குடும்ப மரம் தயாரித்து இணையத்தில் ஏற்றிக் கொடுக்கும் தொழிலில், செத்தவர்களால் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. உயிரோடிருப்பவர்கள்தான் என்னை உட்காரவே விடுவதில்லை. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சிக்கித் தவிக்கும் உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பேர் இல்லாத பெரியவர்

புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் பார்த்துத் தாத்தாவின் தாத்தாவைத் தேடச் சொல்லி வருபவர்கள் நிறைய. அந்துவான் ஐயாவும் அப்படி வந்தவர்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவர் குடும்பத்து மரத்தைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் போனிலேயே பார்க்கலாம். ஆனால் உயிரோடிருப்பவர் என்றால் பேர், படம், ஊர் எதுவும் தெரியாது. சாம்பல் நிறக் கட்டம் மட்டும்தான் இருக்கும். பிறந்த தேதியும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பேரும் கிடைத்தால் போதும், பேங்க்கிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது கிளம்பிவிடுகிறான் என்று பொறுமையாகச் சொன்னேன்.

அவர் தன்னுடைய சாம்பல் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "செத்தவனுக்கெல்லாம் பேரு இருக்குது, மரம் வெக்கச் சொன்னவனுக்குப் பேரு இல்லியா பாப்பா?"

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு போன்

மரம் இணையத்தில் ஏறிய அடுத்த வாரமே தெரியாத நம்பரிலிருந்து ஒருவர் பேசினார். இங்கே புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராம். தம்பிக்குப் பெண் பார்க்கிறார்களாம். அந்துவான் ஐயா குடும்பத்தில் கல்யாண வயதில் எத்தனை பெண்கள் என்று ஆரம்பித்தார். வேலைக்குப் போகிறதா, சமைக்குமா என்று ஒரு கேள்வி இல்லை. நம் ஊரில் சிவப்பு அட்டை போட்ட பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்ணுக்கு வேறு தகுதி தேவையில்லை என்பது உங்களுக்கும் தெரியும். சொல்ல முடியாது என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"பேருகூட வேணாம் மேடம், யாருக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, மத்தத நாங்க பேசிக்கிறோம்."

ரோசலின்

ரோசலின் அந்துவான் ஐயாவின் அண்ணன் மகள். அடிக்கிற புருஷனை விட்டு மகளோடு வெளியேறி, வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டவள். எந்த ஊர் என்று சித்தப்பாவுக்கு மட்டும் சொல்லியிருந்தாள். பெருமை தாங்காத மனுஷர், அவள் ஊர், வேலை பார்க்கும் இடம், குழந்தையின் பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் தானே மரத்தில் ஏற்றிவிட்டார்.

அவள் என் கடைக்கு வந்து, தன் கட்டத்தையே எடுத்துவிடச் சொன்னாள். மரம் அவருடையது, அவரோ, குடும்பத்தில் ஒருத்தி குறையக்கூடாது என்று பிடிவாதமாக மறுத்துவிட்டார். பயப்படாதே, உன் கட்டமும் சாம்பல்தான், ஒருவருக்கும் தெரியாது என்று சமாதானம் சொன்னேன். ஆனால் அந்தப் புருஷன் இன்னும் குடும்பக் குழுவில் இருந்தான். வீட்டு மாப்பிள்ளையை வெளியேற்றினால் மரியாதையாக இருக்காதாம்.

எழுந்து போகும்போது கேட்டாள். "மறைச்சிட்டீங்க, சரி. தெறக்கிற சாவி யாருகிட்ட இருக்குது மேடம்?"

ஒரே ஒரு டிக்கு

சாவி அந்துவான் ஐயாவிடம் இருந்தது. செத்துப்போன அண்ணனின் கட்டத்தைத் தட்டிப் பார்த்தவர், அதில் 'இறந்தவர்' என்ற இடத்தில் டிக் இருப்பதைக் கண்டுபிடித்தார். தன் கட்டத்திலும் அதையே போட்டார். பேரும் ராணுவ உடுப்புப் போட்ட படமும் பளிச்சென்று வந்துவிட்டன. அந்தச் சந்தோஷத்தில் குடும்பத்தில் ஒருவரையும் மிச்சம் வைக்காமல் எல்லோருக்கும் டிக் போட்டு, ஊர், பள்ளிக்கூடம் எல்லாம் தெரிய மரத்தைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவிலும் போட்டுவிட்டார்.

முதலில் பாரீஸிலிருந்து அவர் மகன் என்னைக் கூப்பிட்டு அழுதார். அப்பா போனை எடுக்கவில்லையாம். ஐயா மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். நான் பதறிப்போய் எல்லா டிக்கையும் எடுத்தேன். குழுவில் போன படத்தை என்னால் எடுக்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்க் கத்தினேன். பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார். "சாவு தேதி நான் போடலியே பாப்பா, டிக்குதானே போட்டேன்."

பள்ளிக்கூட வாசல்

அடுத்த நாள் காலையிலேயே ரோசலினின் புருஷன் குழந்தையின் பள்ளிக்கூட வாசலில் நின்றான். அம்மா வராமல் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்று டீச்சர் கேட்டைத் திறக்கவில்லை. அந்த டீச்சரை நான் பார்த்ததில்லை. நினைத்தால் இன்றைக்கும் கும்பிடத் தோன்றுகிறது. ரோசலின் அந்த வாரமே வேலையை விட்டாள், வீட்டைக் காலி செய்தாள். போகிற வழியில் என் கடைக்கு வந்தாள். பக்கத்தில் குழந்தை பையை இறக்காமலே நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"என்னச் செத்தவன்னு போட்டதாலதான் மேடம், நான் எங்க உயிரோட இருக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சுது."

கடைசித் திருத்தம்

பத்து நாள் கழித்து அந்துவான் ஐயா வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ரோசலின் கட்டத்தையும் குழந்தை கட்டத்தையும் அவரே என்னை எடுக்கச் சொன்னார். பாஸ்வேர்டையும் மாற்றிவிடு, புதுசு என்னவென்று எனக்குத் தெரிய வேண்டாம் என்றார். அவள் பத்திரமாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எந்த ஊருன்னு எங்கிட்ட சொல்லிடாத பாப்பா, எனக்கு வாய் நிக்காது."

காணாமல் போன முன்னோர்களைக் கண்டுபிடித்துத் தரத்தான் கடை திறந்தேன். இப்போது பாதி நாள், கண்ணெதிரே இருப்பவர்களைத் தொலைத்துக் கொடுப்பதிலேயே போகிறது.