பின்மூடியைக் கழற்றச் சொன்ன சஃபியா

மணவாள நகர்க் கடைத்தெருவில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் அழைத்தார். ஆரம்பாக்கத்துக்காரர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சார், சஃபியாம்மா பூட்டாங்க சார்."

எனக்கு உடனே விளங்கவில்லை. "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அழுகைதான் வந்தது. காலையில் தொழுதுவிட்டு எழுந்தவருக்கு நெஞ்சுவலி. பொன்னேரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அன்று மாலையே பழவேற்காட்டில் அடக்கம்.

புதுவாயல் கூட்டுரோட்டில் அவருடைய அலுவலக மாடிப்படி ஏறியவர்களுக்கு சஃபியா பேகத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் சுங்கத் தரகர். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு என்ன, எந்த வகையில் சேரும், எவ்வளவு தீர்வை என்று தாள்களைத் தயாரித்து எங்கள் முன் வைப்பது அவர் வேலை. அது சரியா என்று பார்ப்பது என் வேலை. நான் சுங்கத்துறை மதிப்பீட்டு அதிகாரி. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான் என்றே பல வருடங்கள் கழிந்தன.

முதல் சந்திப்பிலேயே நான் அவரை மோசடிக்காரர் என்று முடிவு கட்டினேன். தொழிற்பேட்டையில் ஒரு கைக்கடிகார நிறுவனம் இருந்தது. விமான நிலையத்திலிருந்து சுங்க முத்திரையோடு பெட்டிகள் அதன் கிடங்குக்கு வரும். நாங்கள் சோதித்த பிறகே வெளியே போகும். அன்று வந்தவை நாற்பது கடிகாரங்கள். "விலையுயர்ந்த உலோகக் கடிகாரம் அல்ல" என்று சஃபியா தாக்கல் செய்திருந்தார். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் கூட்டிலும் தங்க முத்திரை. நகை மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து, "சொக்கத் தங்கம் இல்லன்னாலும் பதினெட்டு கேரட் சார்" என்றார். பெரிய வழக்கு சிக்கியது என்று மேலதிகாரிக்குப் போன் போட்டேன். பறிமுதல் குறிப்பை எழுதவும் தொடங்கினேன்.

எல்லோரும் டீ குடிக்க வெளியே போகும்வரை சஃபியா காத்திருந்தார். பிறகு என் மேசையருகே வந்து, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கோச்சிக்காதீங்க சார். பின்மூடியக் கழட்டிப் பாத்தீங்களா?"

"எதுக்கு? அதுவும் மஞ்சளாத்தானே இருக்கு?"

"மஞ்சளா இருக்கறதெல்லாம் தங்கமா சார்?"

கழற்றினோம். மூடியின் உட்பக்கத்தில் எஃகு என்று பொறித்திருந்தது. கூடு தங்கம்தான்; மூடியின் மேல் பூசியிருந்தது வெறும் முலாம். கடிகாரக் கூடு, பின்மூடி உட்பட, முழுவதும் தங்கமாகவோ தங்கத் தகடு பதிந்ததாகவோ இருந்தால்தான் அது விலையுயர்ந்த உலோகக் கடிகாரம். பின்மூடி எஃகு என்றால் அது மற்ற வகை. இந்த விதியை நான் படித்திருந்தேன். அன்று என் ஆசை அதை மறைத்துவிட்டது.

மேலதிகாரிக்கு என்ன சொல்வது? சஃபியாவே வழி சொன்னார்: "நீங்களே கண்டுபுடிச்சதா எழுதிடுங்க சார். நான் இன்னிக்கி வாயே தொறக்கல."

அப்படியே எழுதினேன். அவசரப்படாமல் ஆராய்ந்ததற்காக எனக்குப் பாராட்டுக் குறிப்பு வந்தது. அந்தப் பாராட்டு யாருக்கு உரியது என்பதை இன்றுதான் முதன்முதலாக வெளியே சொல்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்கலாம்.

சில வருடங்கள் கழித்து அதே நிறுவனத்துக்கு இன்னொரு சரக்கு வந்தது. இம்முறை தாள்களைத் தயாரிக்கும் முன்பே சஃபியா மாதிரிக்கு ஒரு கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். பின்மூடியும் தங்கம். முதலாளியிடம் சொன்னார். "போன தடவ மாதிரியே போடும்மா, யாரு கழட்டிப் பாக்கப்போறா?" என்றாராம் முதலாளி. இவர் மறுத்து, காரணத்தைக் கடிதமாகவும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாளே கோப்பு வேறொரு தரகரிடம் போனது. சஃபியாவுக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் அந்த நிறுவனம்தான்.

சரக்கு எங்களிடம் பிடிபட்டது. விசாரணையில் முதலாளி பழியைத் தூக்கி, அங்கே கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஏகாம்பரத்தின் தலையில் போட்டார். கிடங்குப் பட்டியலில் பின்மூடி வெறும் முலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது ஏகாம்பரம்தானே? முதலாளி சொன்னதை எழுதியவர் அவர். வாயில்லாப் பூச்சி. "எனக்கு இன்னாத்துக்கு சார் தங்கம்? நெல்லு வெளயற பூமி போதும் சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர, எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. கைது வரைக்கும் போகக்கூடிய வழக்கு அது.

சஃபியாவை யாரும் அழைக்கவில்லை. தானாக வந்தார். முதலாளியும் அவருடைய வக்கீலும் உட்கார்ந்திருந்த அறைக்குள் நுழைந்து, தான் எழுதிய கடிதத்தின் நகலை என் மேசையில் வைத்தார். முதலாளி அதைப் பெற்றுக்கொண்டதாகப் போட்ட கையெழுத்து அடியில் இருந்தது.

"இது தங்கம்னு இவருக்கு நல்லாத் தெரியும் சார். நான்தான் சொன்னேன். ஏகாம்பரம் அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது."

முதலாளி எழுந்துவிட்டார். "நான் போட்ட சோத்தத் துண்ணுட்டு எனக்கே எதிரா வந்து நிக்கிறியா?"

"நான் வேல செஞ்சேன், நீங்க கூலி குடுத்தீங்க. அவ்ளோதான் சார்" என்றார் சஃபியா. குரல் நடுங்கியது; ஆனாலும் முழுதாகச் சொல்லி முடித்தார்.

அவர் வாக்குமூலத்தில் கையெழுத்திடும் முன் நான் தடுத்துக் கேட்டேன். வாடிக்கையாளருக்கு எதிராகச் சாட்சி சொன்ன தரகரிடம் இனி யார் சரக்கைக் கொடுப்பார்கள்?

"தெரியும் சார். ஊட்ல எல்லாரும் பேஜாராத்தான் இருக்காங்க. ஆனா நான் ஆரம்பாக்கம் போனா ஏகாம்பரம் அண்ணன் ஊட்டம்மா நாஷ்டா துண்ணாம உடமாட்டாங்க. நாளைக்கி அவங்க மூஞ்சில எப்படி சார் முழிப்பேன்?"

ஏகாம்பரம் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். நான் அஞ்சியது நடந்தது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். புதுவாயலில் இருந்த இரண்டு அறை அலுவலகத்தைக் காலி செய்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒற்றை மேசை போட்டு உட்கார்ந்தார். அந்த வருடங்களைப் பற்றி அவர் குறைபட்டு நான் கேட்டதில்லை. ஒருமுறை நானே வருத்தம் தெரிவித்தபோது, "இப்ப வர்றவங்க எல்லாம் பொய் சொல்லச் சொல்லாதவங்க சார். தலவலி கம்மி" என்று சிரித்தார். அப்படி வந்தவர்களை வைத்தே மெல்ல எழுந்து, பழைய மாடிக்குத் திரும்பினார்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருமுறை அவரிடமிருந்து போன் வரும். "சார், ஒரு டவுட்டு" என்றுதான் ஆரம்பிப்பார். வேலையில்லாத மனிதனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஓய்வு பெற்றவர்களுக்குத் தெரியும். பழைய புத்தகங்களைத் தேடி எடுத்து, குறிப்பெழுதி வைத்துக்கொண்டு, அவர் அழைப்புக்குக் காத்திருப்பேன். கடைசியாகக் கேட்டது, தங்கக் கூட்டில் முத்துப் பதித்த கடிகாரம் ஒன்றைப் பற்றி. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்தும் வைத்திருந்தேன்.

அடக்கத்துக்குப் போனபோது மசூதி வாசலில் அவருடைய அண்ணன் மகள் நஸ்ரீன் என்னிடம் வந்தாள். அத்தையோடு அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவள். சொல்ல வேண்டிய பதிலை அவளிடமாவது சேர்த்துவிடலாம் என்று முத்துக் கடிகாரத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவள் தயங்கினாள்.

"அது போன மாசமே முடிஞ்சி வெளிய போயிடுச்சி சார். அத்தைக்குத் தெரியாததா? உங்ககிட்ட பேசணும்னுதான் கேட்டுக்கினே இருப்பாங்க."

பக்கத்தில் நின்ற ஏகாம்பரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இதுதான்: ஒருவர் தவறு செய்யும்போது அவரிடம் தனியே சொல்ல வேண்டும், ஒருவர் தனியே நிற்கும்போது எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். முதலாவதை ஓரளவு பழகிவிட்டேன். இரண்டாவதற்கு இன்னும் குரல் நடுங்குகிறது. அவருக்கும் நடுங்கியது, ஆனாலும் சொன்னார்.