ராணிக்கு எப்படித் தெரிந்தது?

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் நான் டிரேசராக இருந்தேன். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்ட படங்களை மையால் பிரதி எடுக்கும் வேலை. ஆஸ்டின் டவுனில் அம்மாவோடு வாடகை வீடு. மாலை வேளைகளில் ஒரு சரித்திரக் காதல் நாவல் எழுதிக்கொண்டிருந்தேன், பத்திரிகைப் போட்டி ஒன்றுக்காக. அதற்கு முன் அனுப்பிய கதைகள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. இதுவும் வந்தால் எழுதுவதையே விட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

எதையும் பட்டியல் போட்டுத்தான் தொடங்குவேன். எந்த மாதம் எந்தப் பூ, குதிரை ஒரு பகலில் எவ்வளவு தூரம் போகும், கோட்டைக் கதவுக்கு என்ன மரம், எல்லாம் தயார். ஓர் அத்தியாயம் மட்டும் வரவில்லை. ராணி காதலித்த வீரன் போருக்குப் போய்ப் பல வருடம் கழித்துத் திரும்புகிறான். கூட்டத்தில் ராணி அவனைக் காண்கிறாள். ஏதாவது பொறி தட்டுமா என்று பக்கத்துத் தொம்மலூர்ப் பழைய கோயிலுக்குப் போய், கல்வெட்டுகளிலிருந்த தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நிலம் கொடுத்த செய்தி இருந்தது. ஒருத்தி ஒருவனுக்காக ஏங்கிய செய்தி இல்லை. கடைசியில் 'ஒரே பார்வையில் தெரிந்துகொண்டாள்' என்று நானாக எழுதி முடித்தேன்.

எழுதியதை ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஓசூர் சாலையில் அடுகோடி என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. கல்யாணமான சில மாதங்களில் அவர் கணவர் பட்டாளத்தோடு பர்மா யுத்தத்துக்குப் போனவர், திரும்பவில்லை. இறந்தார் என்றும் தகவல் இல்லை. அக்கா தாலியைக் கழற்றவில்லை. அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கதை கேட்பார். "உன் ராணி எந்நேரமும் மாடியிலயே நிக்கிறாளே, குந்திக்க ஒரு முக்காலி போடேம்மா" என்று கிண்டல் செய்வார்.

ஒரு ஞாயிறு, 'ஒரே பார்வையில்' என்ற அந்த வரியைப் படித்ததும் கல் பொறுக்கிய அவர் கை நின்றது.

"எப்படி பாப்பா தெரிஞ்சிச்சி அவளுக்கு?"

அன்பு இருந்தால் தெரியும் என்று ஏதோ சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தின வாரம் அடுகோடி பஸ் ஸ்டாப்பில் நடந்ததைச் சொன்னார். ஓசூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் ஆள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். வயது ஒத்துவந்தது. அக்காவும் பார்த்தார். ஆனால் கணவரின் முகம் அவருக்கு நினைவில்லை. போட்டோ எடுத்துக்கொள்ளாத கல்யாணம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். புருஷன் பெயரை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றும் சொல்ல வரவில்லை. அந்த ஆள் கூட்டத்தோடு போய்விட்டார்.

நான் என் வழக்கப்படி கணவரின் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன்: உயரம், நெற்றி, தழும்பு, நடை. நெற்றி அகலம் என்றார். கொஞ்சம் யோசித்து, அது தன் அண்ணனுக்கோ என்றார். பெயரைச் சொல்லுங்கள், அவர் மறுபடி வந்தால் நான் கூப்பிடுகிறேன் என்றேன். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, என் காதில் சொன்னார்.

பிறகு பல மாலைகள் இருவரும் அந்த நிறுத்தத்தில் நின்றோம். அந்த வயதில் யாராவது இறங்கினால் நான் உரக்கக் கூப்பிடுவேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்தப் பெயருக்கு யாரும் திரும்பவில்லை.

கடைசியாகப் போன நாளில், திரும்பி வரும் வழியில் அக்கா சொன்னார்: "நான் கூப்பிடலன்னு போனாரோ, அவருக்கும் என் மூஞ்சி மறந்துபோச்சோ. இல்ல, யாரோ எவரோ. எதுன்னு இனிமே தெரியப்போறதில்ல பாப்பா. நாளைலேர்ந்து வரவேணாம், நீ உன் கதையை எழுது."

வீட்டுக்கு வந்து ராணியின் அந்த வரியை அடித்து நீக்கினேன். அங்கே எழுத வேறு வரி கிடைக்கவில்லை. போட்டிக்கான நாளும் கடந்துபோனது.

ஒரே ஒரு பெயரை உரக்கச் சொல்ல முடியாததால் பாழாய்ப்போயிருக்கக்கூடிய ஒரு வாழ்க்கையைப் பக்கத்தில் நின்று பார்த்தபிறகு, பார்த்ததும் தெரிந்துகொள்ளும் காதலை என்னால் நம்பவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை.